என் அச்சுக்கோப்பாளர் ஏன் மெழுகுப் பொம்மையாக நிற்கிறார்?

காவிரிக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை 1975இல் தொடங்கி 1985இல் முடிகிறது. இடம் மாயவரம், 1982இல் ஊரின் பெயர் மயிலாடுதுறை என்று மாறுவதும் கதைக்குள் வருகிறது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இயங்கும் சிறிய அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் சபாபதி என்பவர்தான் மையப் பாத்திரம். திருமணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கோயில் விழா நோட்டீசு, எப்போதாவது ஒரு கவிதை நூல் என்று அங்கே வரும் வேலைகளின் வழியாகவே பத்தாண்டு ஊர்வாழ்க்கையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

முதல் வரைவை மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருவர், சபாபதி நல்ல மனிதர்தான், ஆனால் தாள்கட்டை மூடிவைத்த மறுநாள் அவருடைய முகம் நினைவுக்கு வரவில்லை என்றார். இன்னொருவர், சபாபதியும் முதலாளியும் மெஷின் ஓட்டும் பையனும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றார். மூன்றாமவர் என் மனைவி. "இந்த மனுஷர் பசிக்குதுன்னுகூடச் சொல்ல மாட்டாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். மூன்றில் அதுதான் அதிகம் குத்தியது.

ஆயத்தம் செய்யாமல் எழுதத் தொடங்கியவனும் அல்லன் நான். சபாபதிக்கு 14 பக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். பிறந்த நட்சத்திரம், படிப்பை நிறுத்திய எட்டாம் வகுப்பு, முழங்காலில் உள்ள தழும்பு, பிடித்த குழம்பு, தங்கைகளுக்குச் செய்த சீர்வரிசை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவர் ஒரு காட்சிக்குள் வந்து வாயைத் திறக்கும்போது அந்தப் பக்கங்களில் ஒன்றும் எனக்குக் கைகொடுப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1976, நெருக்கடி நிலைக் காலம். இரவில் ஓர் இளைஞர் வந்து, அரசை எதிர்க்கும் துண்டறிக்கை ஒன்றை அச்சிட்டுத் தரக் கேட்கிறார்; அடியில் அச்சகத்தின் பெயர் வரக்கூடாது என்றும் வேண்டுகிறார். முதலாளி ஊரில் இல்லை. சபாபதி சற்றும் தயங்காமல் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்து, விடிவதற்குள் கோத்து அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார். பின்னர் முதலாளிக்குத் தெரிந்து கூலி குறைகிறது, சபாபதி பொறுத்துக்கொள்கிறார். முதலாளியின் மகன் அவமதிக்கிறான், சபாபதி மன்னிக்கிறார். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. படித்தவர்கள் ஒருவருக்கும் கலங்கவில்லை. எங்கே தவறுகிறேன் என்று சொல்ல முடியுமா?


மெய்ப்புக்காரர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் 1968 முதல் பதினெட்டு ஆண்டுகள் அச்சுக்கோத்தவன். பிறகு கண் ஒத்துழைத்தவரை மெய்ப்புத் திருத்தினேன். கதை எழுதும் வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் சபாபதியைப் போன்ற பலரோடு ஒரே கூரையின் கீழ் நின்றிருக்கிறேன். நின்றிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். கம்பாசிட்டருக்கு நாற்காலி கிடையாது. நாளெல்லாம் எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்று நின்று, நாற்பது வயதுக்குள் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துவிடும். நீங்கள் அவருக்கு முழங்காலில் தழும்பு கொடுத்திருக்கிறீர்கள். அது எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியது. நரம்பு அவருடைய வேலை கொடுத்தது.

உங்கள் இரவுக் காட்சியைப் படித்தவுடன் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ட்ரெடில் மெஷினை மிதித்தால் ஊர் அடங்கிய நேரத்தில் அந்தத் தெரு முழுவதும் கேட்கும். சபாபதி அதை மிதிக்க மாட்டார். புரூஃப் எடுப்பதுபோல உருளையால் மையைத் தடவி, ஒவ்வொரு தாளாக வைத்துக் கையாலேயே அழுத்தி எடுப்பார். நூறு படி எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்து, எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக்கைப் பிடிக்கும் இடக்கை நடுங்குவதை மெஷின்காரப் பையன் பார்த்துவிடாமல் மறைத்தாக வேண்டும். "தயங்காமல்" என்று நீங்கள் ஒரு சொல்லில் முடித்துவிட்ட இடத்தில் இவ்வளவு கிடக்கிறது.

அவரை வேறு எவராகவும் ஆக்க முடியாத ஆளாக ஆக்குவது அவருடைய தொழில்தான் என்று நான் நினைக்கிறேன். ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும். அப்படியே படித்துப் பழகிய கண் எங்களுடையது. ஆகையால் முதலாளி தம் மேசைமேல் விரித்து வைத்திருக்கும் கடிதத்தை, எதிர்ப்பக்கம் நின்றபடியே, நேராகப் படிப்பதுபோல் படித்துவிடுவோம். படிக்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் படித்துவிடும். நான் அறிந்த மிக யோக்கியமான கம்பாசிட்டர்களுக்கும் முதலாளியின் கடன் எவ்வளவு என்பது தெரியும். கல்யாணப் பத்திரிகையில் எந்தச் சித்தப்பாவின் பெயரை இரண்டாம் புரூஃபில் எடுக்கச் சொன்னார்கள், எந்த வீட்டுப் பத்திரிகையில் பெண்ணின் படிப்பு ஒரு வகுப்பு கூடியது என்பனவும் தெரியும். உங்கள் சபாபதிக்கு ஊரின் இரகசியங்களில் பாதி தெரிந்திருக்க வேண்டுமே! அவற்றை அவர் என்ன செய்கிறார்?

இன்னொன்று. உங்கள் கதைக் காலத்தின் நடுவில்தான் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935 முதலே குடி அரசு இதழில் கையாண்ட வடிவங்களை அரசு ஏற்றுக்கொண்டது. யானையின் துதிக்கைபோல முன்னால் வளைந்த கொம்போடு இருந்த பழைய லை, ளை, ணை, னை போயின. ணா, றா, னா ஆகியவையும் பிறவும் வழக்கமான கால் வாங்கிக்கொண்டன. எல்லா அச்சகங்களும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மாறிய இடங்களில், ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்க்காமலே பழைய லைக்குப் போய்ப் பழகிய கை, மூளை தடுப்பதற்கு முன்னால் எழுத்துப் பெட்டியின் அந்தக் கண்ணறைக்குப் போய்விடும். எனக்குப் பல மாதங்கள் போயிற்று. கொள்கையளவில் அந்தச் சீர்திருத்தத்தை வரவேற்றவன் நான், கைதான் வரவேற்கவில்லை. உங்கள் சபாபதி அந்த ஆண்டைக் கடக்கிறார், ஆனால் நீங்கள் கொடுத்த சுருக்கத்தில் அது இல்லை.


தாழ்வாரம் எழுதியது:

மெய்ப்புக்காரர் ஐயா சொன்னதற்குப் பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. புதிய எழுத்தாளர்களின் கைப்பிரதிகளைப் படித்துச் செப்பனிடுவது என் வேலை. அவற்றில் நான் அடிக்கடி காண்பது, தகவல் இல்லாத பாத்திரத்தைவிடத் தகவல் நிறைந்த பாத்திரம்தான். ஸ்டிக், நரம்பு, உருளை ஆகிய அனைத்தையும் அடுத்த வரைவில் சேர்த்துவிட்டு, சபாபதி மட்டும் முன்போலவே பொறுத்துக்கொண்டும் மன்னித்துக்கொண்டும் இருந்தால், பொருட்காட்சி அரங்கில் நிறுத்திய பொம்மையாகிவிடுவார். தலைகீழாகப் படிக்கும் கண்ணை ஐயா தகவலாகச் சொல்லவில்லை. அவற்றை அவர் என்ன செய்கிறார் என்ற கேள்வியோடு சேர்த்துச் சொன்னார். அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரத்தின் உணர்ச்சி பொய்யாகத் தோன்றும்போது நான் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலைத்தான் எடுத்துப் பார்ப்பேன். இலக்கணப் பாடமாக அன்று, ஒரு பணிக்கருவியாக. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு அந்நூல் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறது. பெருமிதம் கல்வியால் வரலாம், அஞ்சாமையாகிய தறுகண்மையால் வரலாம், புகழால் வரலாம், கொடையால் வரலாம். சபாபதி பெருமிதம் உள்ளவர் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் எது அவருடைய பெருமிதம்? உங்கள் சுருக்கத்தில் ஓரிடத்தில் அவர் கொடையாளி, தங்கைகளுக்குச் சீர் செய்தவர். இன்னோரிடத்தில் தறுகண்ணர், இரவில் துண்டறிக்கை அச்சிடுபவர். என் ஊகம் வேறு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பிறகு வாழ்நாள் முழுவதும் பிறருடைய பிழைகளைச் சத்தமின்றித் திருத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, கல்விதான் புண்ணும் பெருமையும் ஆகிய இடமாக இருக்கும். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் தம் கவிதை நூலைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதில் ஒரு சந்திப்பிழை இருக்கிறது. சபாபதி அதைத் திருத்துவாரா, அப்படியே விட்டு ஊர் பார்க்கட்டும் என்று கோத்துவிடுவாரா? இந்த ஒரு முடிவு உங்களுடைய 14 பக்கங்களைவிட அவரை எனக்குக் காட்டிவிடும்.

அச்சத்துக்கும் அப்படியே நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. இங்கே அணங்கும் விலங்கும் கள்வரும் நமக்கு வேண்டாம். தம் இறை என்பது தமக்கு மேலானவர் மீதான அச்சம். அச்சிட்டவரின் பெயரும் இடமும் தாளில் இருக்க வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டிலிருந்து அன்றும் நடப்பில் இருந்த சட்டம். நெருக்கடி நிலையில் அதை மீறுவது விளையாட்டன்று. ஆனால் சபாபதிக்கு மேலானவர் தில்லியில் இருக்கும் அரசா, போலீசா, மறுநாள் ஊர் திரும்பப் போகும் முதலாளியா? இந்த மூன்றில் யாரை நினைத்து அவருடைய வயிறு கலங்குகிறதோ, அதைப் பொறுத்து அவர் வேறு வேறு மனிதர். நீங்கள் யாரை நினைத்தும் கலங்க வைக்கவில்லை. அதனால் அவருடைய துணிச்சலுக்கு விலையே இல்லாமல் போயிற்று.

மெய்ப்பாடு என்ற சொல்லையே பாருங்கள், மெய்யில் படுவது. வெகுளி வந்தது என்று ஆசிரியர் அறிவிப்பதற்கு முன்னால் அது உடம்பில் எங்கேயாவது தெரிந்திருக்க வேண்டும். கோபம் வந்தால் கத்தும் ஆள் அல்லர் உங்கள் சபாபதி. அப்படியானால் அது அவருடைய வரியில் தெரியட்டும். அன்றைக்கு அவர் கோத்த வரிகள் வழக்கத்தைவிட இறுகியிருக்கலாம், அல்லது இடைவெளிக்கான ஸ்பேஸ் சரியாகப் போடாமல் தளர்ந்திருந்து மெஷினில் எழுத்து எழும்பலாம். முதலாளியின் மகன் அவமதித்ததற்குப் பிறகு அவர் மன்னித்தார் என்று எழுத வேண்டியதில்லை. அச்சு முடிந்த பாரத்தை, அதாவது கோத்து இறுக்கிய எழுத்துத் தொகுதியைக் கலைத்து எழுத்துகளைக் கண்ணறைகளில் பிரித்துப் போடும்போது, அவர் வேண்டுமென்றே ஒரு பிடி எழுத்தைத் தவறான அறைகளில் போட்டார் என்று எழுதுங்கள். மறுநாள் அந்தப் பெட்டியில் தடுமாறப் போகிறவரும் அவர்தானே! அந்த அற்பத்தனத்துக்குப் பிறகு நான் அவரை மறக்க மாட்டேன்.

இறுதியாக ஒன்று கேட்கலாமா? உரிமை எடுத்துக்கொண்டு கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். சபாபதி உங்கள் குடும்பத்தில் ஒருவரா? நான் படித்த கைப்பிரதிகளில் இத்தகைய குற்றமற்றவர்கள் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய தந்தையாக இருந்திருக்கிறார்கள்.


ஒற்றைப்பனை எழுதியது:

மேலே இருவரும் சபாபதியையே சுற்றி வருகிறார்கள். எனக்கு முதலாளி மேல்தான் இரக்கம். அவர் ஊருக்குப் போகிறார், கூலியைக் குறைக்கிறார், அவ்வளவுதான். சபாபதி உயர்வதற்காகவே தாழ்த்தப்பட்ட ஆள் அவர். அவருக்கும் கடன் இருக்கும். ஆடி, மார்கழி மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை வராமல் அச்சகம் காற்று வாங்கும்போது கூலி எங்கிருந்து கொடுப்பார்? அவர் பக்கமும் ஒரு கால்பங்கு நியாயம் இருந்தால், சபாபதி அவரை எதிர்க்கும்போதும் எதிர்க்காதபோதும் நமக்கு ஒரு சங்கடம் வரும். அந்தச் சங்கடம்தான் நாவல் என்பது என் கருத்து.

அதற்காக எல்லாரையும் ஆழப்படுத்த வேண்டும் என்று பொருளில்லை. தட்டையான பாத்திரம், உருண்டையான பாத்திரம் என்று 1927இல் வகுத்துச் சொன்ன ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டரே தட்டையானவற்றைக் குறைவாகச் சொல்லவில்லை. பார்த்தவுடன் அடையாளம் தெரியும், பிறகும் நினைவில் நிற்கும் என்று அவற்றின் பயனை எடுத்துச் சொன்னார். மெஷின்காரப் பையன் எப்போதும் ஒரே சினிமாப் பேச்சோடு வரட்டுமே. ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரே குரல் பற்றிய குறைக்கு என் வழக்கம் இது. ஒரே வேண்டுகோளை மூன்று பேர் வாயிலும் போட்டுப் பார்ப்பேன். முன்பணம் வேண்டும். பையன், "மொதலாளி, ஒரு அஞ்சு ரூவா குடுங்க" என்று நேரே கேட்டுவிடுவான். முதலாளி தம் மைத்துனரிடம் கேட்கும்போது முதலில் மைத்துனர் வீட்டு மாட்டின் உடல்நிலையை விசாரிப்பார். சபாபதி கேட்கவே மாட்டார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொல்வார். வட்டாரச் சொற்களைத் தூவுவது அதற்குப் பிறகு செய்யலாம். யார் எதைக் கேட்காமல் கேட்கிறார்கள் என்பதில் குரல் பிரிந்துவிட்டால், சொற்கள் தாமாக வந்து சேரும்.


காவிரிக்கரையான் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தாழ்வாரம் அவர்களே, தந்தை அல்லர், என் பெரியப்பா. என் தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டதால் என்னைப் படிக்க வைத்தவர் அவர். சபாபதி முதலாளியின் கடிதத்தைப் படிக்கிறார் என்று எழுதினால், என் உறவினர்கள் அனைவரும் பெரியப்பா படித்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பெரியம்மா இன்னும் இருக்கிறார். இந்த அச்சத்தை நான் எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை என்பது உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

இருந்தாலும் நேற்றிரவு ஒன்றை எழுதிப் பார்த்தேன். முதலாளி ஊருக்குப் புறப்படும் நாள் காலையில், மேசைமேல் பாதி எழுதிய கடிதம் ஒன்று கிடக்கிறது. சபாபதி எதிர்ப்பக்கம் நிற்கிறார். கண் படித்துவிடுகிறது. "நம்ம சபாபதிக்குக் கண் மங்கிவிட்டது, தை மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன், உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இருந்தால் அனுப்பவும்" என்று அதில் இருக்கிறது. அன்றிரவுதான் அந்த இளைஞர் துண்டறிக்கையோடு வருகிறார். இப்போது சபாபதி ஒப்புக்கொள்வது நாட்டுக்காகவா, முதலாளி மீதுள்ள ஆத்திரத்தாலா, தம் கண் இன்னும் மங்கவில்லை என்று தமக்கே காட்டிக்கொள்ளவா என்பது எனக்கே தெரியவில்லை. எழுதிக்கொண்டு போகையில், அவர் அந்த இளைஞருக்குக் கொடுத்த வாக்கை மீறி, துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தின் பெயரையும் கோத்துவிட்டார். நான் திட்டமிடவில்லை. எழுதியதும் பயந்து அடித்துவிட்டேன். பெரியப்பா அப்படிச் செய்திருக்கவே மாட்டார்.


தாழ்வாரம் எழுதியது:

பெரியப்பா செய்திருக்க மாட்டார் என்பதை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். அடித்த வரியைத் திரும்பச் சேருங்கள். அந்த வரியில்தான் உங்கள் பெரியப்பாவும் சபாபதியும் வேறு வேறு ஆட்களாகப் பிரிந்தார்கள். இனி அவரைக் காக்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. பெரியம்மாவின் பொருட்டு வேண்டுமானால் ஊரையும் உடல் அடையாளத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது நூல் வருவதற்கு முன்னால் ஒரு நாள் அவர் பக்கத்தில் அமர்ந்து இது யார், யார் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அது நாவலுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை.

அந்தச் செயலுக்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டாம். அச்சகத்தின் பெயரைப் போட்டதால் முதலாளி மட்டுமல்ல, சபாபதியும் அந்த இளைஞரும் சேர்ந்துதான் மாட்டப் போகிறார்கள். ஒற்றைப்பனை சொன்ன அந்தக் கால்பங்கு நியாயம் முதலாளிக்கு இங்கேதான் கிடைக்கிறது. கூலியைக் குறைத்ததோடு அவர் விட்டுவிட்டால், அது ஏறத்தாழப் பெருந்தன்மை ஆகிவிடும்; சபாபதியால் தாங்க முடியாதது அதுவாகத்தான் இருக்கும்.


மெய்ப்புக்காரர் எழுதியது:

தம்பி, படித்தேன். கடிதம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிச் செயலில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. அச்சகத்தின் பெயர் வரும் அடிவரி மிகச் சிறிய எழுத்தில், பெரும்பாலும் எட்டுப் பாயிண்டில் இருக்கும். கண் மங்கியவர் அதை இரவில் எழுத்தெழுத்தாகக் கோக்க வேண்டுமென்றால் விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து, முகத்தைத் தாழ்த்தி, நெடுநேரம் போராட வேண்டியிருக்கும். அவ்வளவு நேரத்தில் எவருக்கும் ஆத்திரம் ஆறிவிடும்.

ஆனால் உண்மையில் அப்படி நடக்காது. ஒவ்வொரு வேலையிலும் வருகிற வரி என்பதால், சின்ன அச்சகங்களில் அதைக் கலைக்காமல், கோத்தபடியே நூலால் கட்டித் தனியாக வைத்திருப்போம். வேலை முடிந்ததும் எடுத்து அடியில் வைத்தால் தீர்ந்தது. கண் வேண்டியதில்லை, ஒரு கணம்கூட வேண்டியதில்லை. பழக்கத்தில் கை வைத்துவிட்டது என்று பிற்பாடு அவர் போலீசிடம் சொல்லிக்கொள்ளலாம். தமக்குத்தாமேயும் சொல்லிக்கொள்ளலாம். ஆகவே விளக்கை நகர்த்த வேண்டாம். அந்த நூல் கட்டிய வரி எந்த மேசையின் எந்த மூலையில் இருக்கும் என்பதை மட்டும், இரண்டு அத்தியாயங்களுக்கு முன்னாலேயே, ஏதாவது ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையின்போது வாசகருக்குக் காட்டி வைத்துவிடுங்கள்.